மாவட்டம் பிரிந்தால் முகவரியும் மாற வேண்டும்: அமைவு மொழிக்குள் மதிப்புகளையும் சுட்டுகளையும் கட்டுவது எப்படி

2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அந்த வாரம், காட்பாடியிலிருந்து நான் பராமரித்து வந்த ஒரு பில்லிங் மென்பொருளில், தோல் பொருட்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் கிளைகளுக்கான அமைவுக் கோப்பைத் திருத்த வேண்டியிருந்தது. ராணிப்பேட்டைக் கிளைக்கு மாவட்டத்தின் பெயரை மாற்றிச் சேமித்தேன். பில்லின் தலைப்பில் புதிய மாவட்டம் வந்தது. அதற்குக் கீழே இருந்த முகவரி வரியில் மட்டும் பழைய வேலூரே அச்சானது. கோப்பில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கோப்பைப் படிப்பதற்காக நான் எழுதியிருந்த சிறு அமைவு மொழிதான் (மென்பொருளின் அமைப்புகளை எழுதுவதற்கான மொழி), முகவரிக்குள் இருந்த ‘மாவட்டம்’ என்ற சுட்டை, அதாவது வேறோர் இடத்தில் உள்ள மதிப்பைக் குறிக்கும் பெயரைக் கண்ட கணத்திலேயே அதன் மதிப்பைப் பிரதி எடுத்து ஒட்டிவிட்டது. பிறகு மேலே யார் எதை மாற்றினாலும் அந்தப் பிரதிக்குத் தெரிய வழியில்லை.

அந்த மொழியை அடியிலிருந்து மறுபடி எழுதியபோது கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கோப்பின் எழுத்துகளைச் சொற்களாகப் பிரித்து மரமாக்கும் முதல் கட்டம் வாசகருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். மரம் கையில் கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதே இந்தக் கட்டுரை. பைத்தான், கோ, ரஸ்ட் என்று எதில் எழுதினாலும் முறை ஒன்றுதான்.

ஒரு மதிப்பு எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நினைவகத்தில் ஒவ்வொரு மதிப்பும் ஒரு வகைக்குறியையும் உள்ளடக்கத்தையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இன்மை, உண்மை அல்லது பொய், முழு எண், பதின்ம எண், சரம் (எழுத்துகளின் தொடர்), பட்டியல், தொகுப்பு (பெயரிட்ட புலங்களின் கூட்டம்), சார்பு (function) ஆகியவை போதும். இந்த வகையை எழுதியவர் தாமே காட்ட வேண்டும். மொழி ஊகிக்கக் கூடாது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, அதற்குக் காரணம் நம் ஊர் எஸ்.டி.டி. எண்கள்தான்.

வேலூரின் எண் 0416. அமைவுக் கோப்புகளுக்குப் பரவலாகப் பயன்படும் யாமல் (YAML) மொழியின் 1.1 பதிப்பின் விதிப்படி, மேற்கோள் குறி இல்லாமல் பூஜ்யத்தில் தொடங்கி, 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டுமே கொண்ட எண் எட்டடிமான (பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்ட) எண்ணாகக் கொள்ளப்படும். ஆகவே 0416 என்று எழுதினால் 4 × 64 + 1 × 8 + 6, அதாவது 270 என்ற முழு எண் கிடைக்கும். ராணிப்பேட்டையின் 04172 அதே விதியில் 2170 ஆகும். திருப்பத்தூரின் 04179இல் 9 இருப்பதால் அது எட்டடிமான எண்ணாக முடியாது. பைத்தானில் பரவலாகப் பயன்படும் யாமல் நூலகம் அதைச் சரமாகவே விட்டுவிடும். ஒரே கோப்பில், ஒரே மாதிரி எழுதப்பட்ட மூன்று எண்களில் இரண்டு வேறு எண்களாக மாறி, மூன்றாவது மட்டும் தப்பிவிடும். பேருந்து நேரத்தை 6:30 என்று எழுதினாலும் இதே கதைதான்: அதே 1.1 பதிப்பு அதை அறுபதடிமான எண்ணாகக் கொண்டு 390 என்று தரும். 2009இல் வந்த 1.2 பதிப்பு இந்த விதிகளைக் களைந்துவிட்டது என்றாலும், பழைய விதியைப் பின்பற்றும் நூலகங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

ஆகவே உங்கள் மொழியில் மேற்கோள் குறிக்குள் இருப்பது சரம், வெளியே இருக்கும் இலக்கங்கள் எண் என்று வையுங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை ஏற்காமல், ‘சரமாக வேண்டுமென்றால் மேற்கோள் குறி இடுங்கள்’ என்று பிழைச் செய்தியிலேயே சொல்லுங்கள். முழு எண்ணையும் பதின்ம எண்ணையும் தனித்தனி வகையாகவே வைத்திருங்கள். ஜேசானெட் (Jsonnet) போன்ற சில அமைவு மொழிகள் எல்லா எண்களையும் 64 பிட் மிதவைப் புள்ளி (floating point) எண்ணாகவே வைத்துக்கொள்வதால், 9007199254740992க்கு மேல் எல்லா முழு எண்களையும் அவற்றால் பிரித்தறிய முடியாது. அதற்கு அடுத்த எண்ணே தொலைந்துவிடும். பதினாறு இலக்கக் கணக்கு எண்களைக் கையாளும் மென்பொருளுக்கு இது பொருந்தாது.

பெயர்களுக்கு ஒரு பேரேடு

அமைவுக் கோப்பில் ‘மாவட்டம்’ என்ற பெயர் நாற்பது இடங்களில் வரலாம். ஒவ்வொரு இடத்திலும் அதன் எழுத்துகளைச் சேமித்து, தேடும்போதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது வீண் செலவு. மரம் கட்டும்போதே ஒவ்வொரு பெயரையும் ஒரு பேரேட்டில் பதிந்து, முதன்முறை வந்தால் புதிய எண் தந்து, மறுபடி வந்தால் பழைய எண்ணையே கொடுங்கள். அதன்பின் மொழி முழுவதும் அந்த எண்ணைக் கொண்டே பேசிக்கொள்ளும். நிக்ஸ் (Nix) மொழி இப்படித்தான் செய்கிறது. அதன் தொகுப்புகள் இந்த எண்ணின் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுவதே போதுமாகிறது.

தமிழ்ப் பெயர்களை அனுமதிக்கும் மொழிக்கு இந்தப் பேரேட்டின் வாசலில் இன்னொரு வேலையும் உண்டு. ‘தோல்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: தகரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் துணைக்காலையும் இரண்டு குறியீடுகளாக இடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு பெயர்கள். ஒரு விசைப்பலகையில் எழுதிய கோப்பை இன்னொரு விசைப்பலகையில் திருத்தியவர், கண்ணெதிரே இருக்கும் பெயரை மொழி ‘காணவில்லை’ என்று சொல்வதைப் பார்த்துத் திகைத்துப்போவார். பெயரைப் பேரேட்டில் சேர்க்கும் முன் யூனிகோடின் என்.எஃப்.சி. (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும்) முறைப்படி சீராக்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதும் வழக்கத்தை மட்டும் இந்தச் சீராக்கம் சரிசெய்யாது, ஏனென்றால் அங்கே ளகரம் உண்மையிலேயே வேறோர் எழுத்து.

நிலுவை அறை

இனி கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஒரு தொகுப்பின் புலத்தில் என்ன இருக்க வேண்டும்? என் முதல் மொழியில் அங்கே நேரடியாக மதிப்பு இருந்தது. அதற்குப் பதிலாக ஓர் அறையை வையுங்கள். அந்த அறையில் ஆரம்பத்தில் இருப்பது மதிப்பு அன்று. ‘இந்தக் கோவையை இந்தச் சூழலில் கணக்கிட்டால் மதிப்பு வரும்’ என்ற குறிப்பு மட்டுமே. கோவை என்பது கணக்கிட வேண்டிய தொடர்; சூழல் என்பது அதிலுள்ள பெயர்கள் எவற்றைக் குறிக்கின்றன என்ற பட்டியல். இதை நிரலாளர்கள் தங்க் (thunk) என்பார்கள்; அலுவலக மேசையில் முடிக்கப்படாமல் இருக்கும் கோப்பைப் போன்றது என்பதால் நான் நிலுவை என்றே எழுதுகிறேன். யாராவது அந்த மதிப்பைக் கேட்கும்போதுதான் நிலுவை தீர்க்கப்படும்; ஒருமுறை தீர்ந்த பிறகு விடை அறையிலேயே தங்கிவிடும்.

அறைக்கு மூன்று நிலைகள் உண்டு: தொடங்காதது, நடப்பில் உள்ளது, முடிந்தது.

```
தீர்(அறை):
    அறை.நிலை முடிந்தது எனில்: அறை.மதிப்பைத் தா
    அறை.நிலை நடப்பில் எனில்: சுழற்சிப் பிழை எழுப்பு
    அறை.நிலை ← நடப்பில்
    முயல்:
        அறை.மதிப்பு ← கணக்கிடு(அறை.கோவை, அறை.சூழல்)
    பிழை வந்தால்:
        அறை.நிலை ← தொடங்காதது
        பிழையை மேலே அனுப்பு
    அறை.நிலை ← முடிந்தது
    அறை.கோவை, அறை.சூழல் இரண்டையும் அழி
    அறை.மதிப்பைத் தா
```

இந்தப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒவ்வொன்றும் தன் இடத்தைச் சம்பாதித்திருக்கிறது. ‘நடப்பில்’ என்ற நிலை இல்லாவிட்டால் சுழற்சி ஒன்று வந்ததும் நிரல் அடுக்கு (stack) நிரம்பி விழும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். பிழை வரும்போது நிலையைத் திரும்ப வைக்காவிட்டால், வேறேதோ காரணத்தால் தோற்ற ஓர் அறையை இரண்டாம் முறை கேட்பவருக்கு ‘சுழற்சி’ என்ற பொய்யான காரணம் போய்ச் சேரும்; இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. முடிந்த பிறகு சூழலை விட்டுவிடாவிட்டால், ஒரு சிறு எண்ணுக்காக ஒரு பெரிய தொகுப்பே நினைவகத்தில் சிக்கிக் கிடக்கும்.

சுழற்சி என்பது அரிதான விபத்து என்று நினைத்துவிட வேண்டாம். கடைக்காரர்கள் இயல்பாக எழுதக்கூடிய கணக்கு இது:

```
விலை = அடக்கவிலை + இலாபம்
இலாபம் = விலை * 10 / 100
```

விற்கும் விலையில் பத்து சதவீதம் இலாபம் என்பது வியாபாரத்தில் பொருளுள்ள பேச்சு. காகிதத்தில் எழுதினால் விலை என்பது அடக்கவிலையை 0.9ஆல் வகுத்தது என்று விடையும் வந்துவிடும். ஆனால் அமைவு மொழி சமன்பாடுகளைத் தீர்க்கும் கருவி அன்று. விலையைக் கேட்டால் இலாபத்தைக் கேட்கும், இலாபம் மறுபடி விலையைக் கேட்கும், விலையின் அறை அப்போது நடப்பில் இருக்கும். அந்த இடத்தில் ‘சுழற்சி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், விலை, இலாபம், மறுபடி விலை என்ற பாதை முழுவதையும் வரி எண்களோடு காட்டுவது உங்கள் கடமை. தீர்க்கத் தொடங்கும் ஒவ்வோர் அறையையும் ஓர் அடுக்கில் தள்ளிக்கொண்டே வந்தால் இந்தப் பாதை தானே கிடைத்துவிடும்.

மேகக் கணினி வளங்களை அமைக்கும் டெராஃபார்ம் (Terraform) என்ற கருவி இதற்கு வேறு வழியை எடுக்கிறது. அது கோவைகளில் உள்ள சுட்டுகளை முன்கூட்டியே திரட்டி, எது எதைச் சார்ந்தது என்ற வரைபடத்தைக் கட்டி, அந்த வரிசைப்படி வேலை செய்கிறது. மேகக் கணினியில் உருவான பிறகே தெரியவரும் மதிப்புகளுக்காக ‘இன்னும் தெரியாதது’ என்ற தனி வகை மதிப்பையும் வைத்திருக்கிறது. வெளியுலகில் பொருள்களைப் படைக்கும் கருவிக்கு அது தேவை. பில்லிங் மென்பொருளின் அமைவுக்கு நிலுவை அறையே எளிது.

பெயர் எங்கே எழுதப்பட்டது, யார் கேட்கிறார்கள்

இப்போது முகவரிக்குத் திரும்புவோம். நிலுவை அறைகளை வைத்துவிட்டால் என் பிழை தீர்ந்துவிடும் என்று நானும் நம்பினேன். இந்தக் கோப்பைப் பாருங்கள்:

```
கிளை = {
    ஊர் = "வேலூர்"
    மாவட்டம் = "வேலூர்"
    அஞ்சல் = "632001"
    முகவரி = ஊர் + ", " + மாவட்டம் + " மாவட்டம் - " + அஞ்சல்
}

இராணி = கிளை மேல் {
    ஊர் = "ராணிப்பேட்டை"
    மாவட்டம் = "ராணிப்பேட்டை"
    அஞ்சல் = "632401"
}
```

‘மேல்’ என்பது இடப்பக்கத் தொகுப்பின் மீது வலப்பக்கத்தைப் போர்த்தும் குறி. இராணி.முகவரி என்ன? முகவரியின் கோவையில் உள்ள ‘மாவட்டம்’ எந்தச் சூழலில் எழுதப்பட்டதோ அந்தச் சூழல் கிளையின் சூழல். நிலுவையை எவ்வளவு தாமதமாகத் தீர்த்தாலும் அது கிளையின் மாவட்டத்தையே போய்ப் பார்க்கும். விடை பழைய வேலூர்தான். நிக்ஸ் மொழியின் தன்சுட்டுத் தொகுப்பும் (தன் புலங்களைத் தானே சுட்டும் தொகுப்பு) இதே போலத்தான் நடந்துகொள்ளும், அது அங்கே பிழையன்று, வரையறுத்த நடத்தை. எழுதிய இடத்தைக் கொண்டு பெயரை அறிவது நல்ல விதி. எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று கோப்பைப் படித்தே சொல்லிவிடலாம். மரம் கட்டும்போதே ‘இரண்டு சூழல் மேலே, மூன்றாம் அறை’ என்று எண்ணால் குறித்துவிடவும் முடியும். ஓடும்போது பெயரைத் தேட வேண்டியதே இல்லை.

ஆனால் முகவரிக்கு வேண்டியது வேறு கேள்வி: ‘என்னை இப்போது கேட்டவரின் முழுத் தொகுப்பில் மாவட்டம் எது?’ இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே எழுத்தில் எழுதவைத்ததே என் மொழியின் குறை. ஜேசானெட் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: உள்ளூர்ப் பெயர்கள் எழுதிய இடத்தைப் பார்க்கும், புலங்களைத் தன்சுட்டு வழியாகவே கேட்க வேண்டும். நானும் அப்படியே ‘தன்’ என்ற சொல்லைச் சேர்த்தேன்:

```
முகவரி = தன்.ஊர் + ", " + தன்.மாவட்டம் + " மாவட்டம் - " + தன்.அஞ்சல்
```

இதை உள்ளே எப்படிக் கட்டுவது? தொகுப்பு என்பது பெயரிலிருந்து அறைக்குப் போகும் அட்டவணை என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். தொகுப்பு என்பது அடுக்குகளின் வரிசை. ஒவ்வோர் அடுக்கிலும் பெயருக்கு எதிரே கோவையும் அது எழுதப்பட்ட சூழலும் மட்டுமே இருக்கும், அறை இருக்காது. ‘மேல்’ என்ற குறியைக் கண்டதும் எந்த மதிப்பையும் கணக்கிடாமல், இரண்டு பக்க அடுக்குகளையும் வரிசையாகச் சேர்த்து, அறைகள் எதுவும் இல்லாத புதிய தொகுப்பு ஒன்றை உண்டாக்குங்கள். ஒரு புலத்தை முதன்முறை கேட்கும்போது மேலடுக்கிலிருந்து கீழே தேடி, கோவை கிடைத்ததும், ‘தன்’ என்பதை இந்தப் புதிய முழுத் தொகுப்புக்குக் கட்டி, அப்போது ஓர் அறையை அமையுங்கள். கிளையின் முகவரியும் இராணியின் முகவரியும் ஒரே கோவையைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் அறைகள் வேறு. அறையையும் பகிர்ந்துகொண்டால், யார் முதலில் கேட்டாரோ அவருடைய மாவட்டமே எல்லோருக்கும் அச்சாகும்.

போர்த்தப்பட்ட பழைய புலத்தையும் சில வேளை கேட்க வேண்டியிருக்கும். திருப்பத்தூர்க் கிளையின் முகவரியில் தொலைபேசிக் குறியெண்ணைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்:

```
திருப்பத்தூர் = கிளை மேல் {
    ஊர் = "திருப்பத்தூர்"
    மாவட்டம் = "திருப்பத்தூர்"
    அஞ்சல் = "635601"
    குறியெண் = "04179"
    முகவரி = முன்.முகவரி + ", தொலைபேசிக் குறியெண் " + தன்.குறியெண்
}
```

‘முன்’ என்பது, இந்தக் கோவை இருக்கும் அடுக்குக்குக் கீழிருந்து தேடத் தொடங்கு என்று பொருள்படும். தேடும் இடம் மட்டுமே கீழிறங்குகிறது. ‘தன்’ இன்னமும் முழுத் தொகுப்பையே சுட்டுகிறது. அதனால்தான் முன்.முகவரி கீழடுக்கின் கோவையை எடுத்தாலும் திருப்பத்தூரையே விடையாகத் தருகிறது. அறைகளை வெறும் பெயரால் குறித்து வைத்திருந்தால் இங்கே இடறுவீர்கள்: முகவரியைத் தீர்க்கும்போது அதன் அறை நடப்பில் இருக்கும், முன்.முகவரியைக் கேட்டதும் அதே பெயருள்ள அதே அறை கிடைத்து, இல்லாத சுழற்சி ஒன்று அறிவிக்கப்படும். ஆகவே அறையின் அடையாளம், பெயரும் அது கிடைத்த அடுக்கின் எண்ணும் சேர்ந்த இரட்டையாக இருக்க வேண்டும்.

கியூ (CUE) என்ற அமைவு மொழி இந்த முழுப் பாதையையும் விட்டு விலகி நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே போர்த்துவது என்பதே இல்லை. ஊர் வேலூர் என்றும் ஊர் ஆம்பூர் என்றும் இரண்டு இடத்தில் எழுதினால் முரண் என்று நின்றுவிடும், வரிசை மாறினாலும் விடை மாறாது. பல குழுக்கள் ஒரே கோப்பைத் தொடும் இடத்தில் அந்தக் கண்டிப்பு நல்லது. கிளைகள் அடிப்படை ஒன்றிலிருந்து சற்றே விலகும் எங்கள் வேலைக்குப் போர்த்தும் முறையே பொருந்தியது.

வெளியே எழுதும் கட்டம்

கடைசியில் யாரோ மதிப்பைக் கேட்க வேண்டும். அது பெரும்பாலும் ஜேசன் (JSON) என்ற பொதுத் தரவு வடிவில் எழுதும் கட்டம். இங்கே ஒவ்வொரு புலத்தையும் ஆழம்வரை தீர்க்க வேண்டும். தலைமையகத் தொகுப்பு தன் கிளைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு கிளையும் தலைமையகத்தைத் திரும்பச் சுட்டினால், ஒவ்வோர் அறையும் பிழையின்றித் தீரும்; ஏனென்றால் தீர்ப்பது மேல்மட்டத் தொகுப்பு வரைதான் போகிறது. எழுதும் நிரலோ உள்ளே உள்ளே என்று முடிவின்றி இறங்கும். எழுதும் பாதையில் இப்போது திறந்திருக்கும் தொகுப்புகளைத் தனியே குறித்துக்கொண்டு, அதே தொகுப்பு மறுபடி வந்தால் நிறுத்துங்கள். ஒரே தொகுப்பு இரண்டு பக்கப் புலங்களில் வருவது தவறன்று என்பதால், வெளியேறும்போது குறியை நீக்கிவிட மறக்க வேண்டாம்.

நிரல் தயாரானதும் நான் வைத்திருக்கும் சோதனை 1989இன் பிரிவினையைக் கொண்டது. அந்த ஆண்டு வடஆற்காடு மாவட்டம், வடஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என இரண்டாகப் பிரிந்தது. அடிப்படைத் தொகுப்பில் மாவட்டம் "வடஆற்காடு" என்று வைத்து, அதன் மேல் 1989க்கு ஓர் அடுக்கும், அதன் மேல் 2019க்கு ஓர் அடுக்கும் போர்த்தி, மூன்று தொகுப்புகளின் முகவரிகளையும் கேளுங்கள். முதலில் நடுத் தொகுப்பையும், பிறகு அடிப்படையையும், கடைசியில் மேல் தொகுப்பையும் கேட்க வேண்டும். பின்னர் அதே நிரலை வரிசை மாற்றி ஓட்ட வேண்டும். இரண்டு ஓட்டங்களிலும் மூன்று முகவரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வராவிட்டால், எங்கோ ஓர் அறை இரண்டு தொகுப்புகளுக்கிடையே பகிரப்பட்டிருக்கிறது. அடுக்குகளைச் சேர்க்கும் சார்பில் அறை அட்டவணையும் பிரதியாகிறதா என்று முதலில் பாருங்கள்.